இலங்கை மலைநாட்டுல காணி வாங்கும் முன்: மண்சரிவு வலயம், வெள்ளம், காப்புறுதி பற்றி விளக்கம் தேவை

#1 நானுஓயா பனி

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவுல அரிசோனா பாலைவனத்துல ஃபீனிக்ஸ் நகரம் இருக்குல்ல, அங்க இருக்கிற சொந்தக்காரங்க வீடு பார்க்கும்போது விலையைக் கேட்கிறதுக்கு முன்னாடி அந்த இடம் எந்த வெள்ள வலயம்னுதான் பார்த்தாங்க. பாலைவனத்துக்கே அப்படின்னா மழையில ஊறிக் கிடக்கிற நம்ம மலைக்கு என்ன ஏற்பாடு இருக்கு?

நாங்க நானுஓயா பக்கம் 12 பேர்ச் காணி பார்த்திருக்கோம். கீழ்ப்பக்கம் சின்ன ஓடை. பின்பக்கம் ஆள் உயரத்துக்கு மேல வெட்டின மண் திட்டு. கேட்க வேண்டியது மூணு: இங்க வலய வரைபடம் இருக்கா? அதை வச்சுக் காப்புறுதிக் கட்டணம் மாறுமா? மண்சரிவுக்குக் கொம்பனிக்காரங்க காசு தருவாங்களா?

#2 சாய்வுக்கோணம்

இருக்கு தங்கச்சி. ஆனா நீங்க நினைக்கிற மாதிரி காப்புறுதிக்காகப் போட்ட வரைபடம் இல்லை. மலைநாட்டில் முதலில் பார்க்க வேண்டியது மண்சரிவு அபாய வலய வரைபடம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அதாவது எல்லாரும் சொல்ற என்.பி.ஆர்.ஓ., அதை 1:50,000, 1:10,000 என்ற அளவுத்திட்டங்களில் தயாரித்திருக்கு. அடிப்பாறை, மேல்மண்ணின் வகையும் தடிப்பும், சாய்வின் அளவு, தண்ணீர் ஓடும் வழி, நிலப் பயன்பாடு, நில உருவம் என்று ஆறு காரணிகளுக்குப் புள்ளி போட்டுக் கூட்டித்தான் வலயம் பிரிக்கிறாங்க. மண்சரிவுக்கு வாய்ப்பில்லாத இடம், மிதமான அபாயம் உள்ள இடம், மண்சரிவு எதிர்பார்க்கப்படும் இடம், மிக அதிகமாக எதிர்பார்க்கப்படும் இடம் என்று நாலு படி.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கு. 12 பேர்ச் என்பது ஏறக்குறைய 303 சதுர மீற்றர். சதுரமாக எடுத்தால் பக்கத்துக்கு 17 மீற்றர் சொச்சம். 1:10,000 வரைபடத்தில் 1 சென்ரிமீற்றர் என்றால் தரையில் 100 மீற்றர். அப்போ உங்க காணி முழுதும் வரைபடத்தில் 2 மில்லிமீற்றர்கூட வராது. அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள பென்சில் கோடு தரையில் 5 மீற்றரை மூடும். "வரைபடத்தில் அபாய வலயத்துக்கு வெளியேதான் இருக்கு" என்று தரகர் காட்டும் கைபேசிப் படத்தை நம்பி முற்பணம் கட்ட வேண்டாம். வரைபடம் பிரதேசத்துக்கு. காணிக்கு வேண்டியது நேரில் வந்து பார்த்து எழுதும் அறிக்கை.

2011ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைக்குப் பிறகு, மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட அனுமதிக்கு என்.பி.ஆர்.ஓ. அறிக்கை கேட்கிறாங்க. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி எல்லாம் அதில் வரும். பிரதேச சபையில் விண்ணப்பப் படிவம் எடுக்கலாம். நில அளவையாளர் வரைந்த படம், உறுதியின் பிரதி, கட்டப்போகும் வீட்டின் வரைபடம் எல்லாம் சேர்த்துக் கொடுக்கணும். அதிகாரி வந்து பார்த்துப் போன பிறகு வரும் பதில் மூணு விதம்: கட்டலாம், நிபந்தனையோடு கட்டலாம், கட்டக்கூடாது. நடுவில் உள்ளதுதான் கவனம். நிபந்தனை என்றால் தாங்குசுவர், வடிகால், வீட்டுக்கும் திட்டுக்கும் இடையில் விடவேண்டிய இடைவெளி. இந்தச் செலவு காணி விலையில் இல்லை. வாங்கும் முன்பே அந்தப் பக்கத்தை ஒரு மேசனிடம் காட்டி விலை கேளுங்க. விற்பவர் சம்மதத்தோடு, வாங்கும் முன்பே விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்று. 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயலுக்கு முந்திய அறிக்கையைக் காட்டினால் ஏற்கவேண்டாம். அந்த மழையில் வெடித்த சாய்வுகள் வெளிக்கு அப்படியே நிற்கிற மாதிரித் தெரியும். புதிதாகப் பார்க்கச் சொல்லுங்க.

#3 ஹட்டன் கடைவீதி

மூணாவது கேள்விக்கு நான் பதில் சொல்றேன். மண்சரிவுக்கு எந்தக் கொம்பனியும் தராது. வெள்ளத்துக்கு மட்டும்தான். வீணாக் கட்டணம் கட்டாதீங்க.

#4 பொலிசி வாசகன்

அண்ணே, அது சரியில்லை. இதைப் படிச்சுட்டுப் பலர் எடுக்காமலே விட்டுடுவாங்க, அதனால நீளமாகவே எழுதுறேன்.

இங்க வீட்டுக் காப்புறுதியின் அடித்தளம் தீ ஒப்பந்தம். தீ, மின்னல் இரண்டும் அடிப்படையில் வரும். மற்றதெல்லாம் மேலதிகமாகச் சேர்த்துக் கட்டணம் கட்டணும்: கலவரம், வெடிப்பு, குழாய் வெடித்து நீர் வழிதல், சூறாவளி-புயல்-வெள்ளம், இயற்கை அனர்த்தம். "புயல், வெள்ளம்" என்று மட்டும் சேர்த்தால் மண்சரிவு தானாக வந்துவிடாது. பல ஒப்பந்தங்களில் அந்தப் பிரிவுக்குக் கீழேயே "நிலம் இறங்குதல், சரிதல் நீங்கலாக" என்று எழுதியிருக்கும். "இயற்கை அனர்த்தம்" என்று தனியாகச் சேர்த்து, அதன் விளக்கத்தில் மண்சரிவு என்ற சொல் வெளிப்படையாக இருந்தால்தான் கேட்கலாம். அண்ணன் சொல்ற மாதிரி மண்சரிவுக்குக் காசு வராமல் போனவங்களுக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். அவங்க வாங்கினது வெள்ளம். வந்தது மண்.

தங்கச்சியின் இரண்டாவது கேள்விக்கு: என்.பி.ஆர்.ஓ. வலயம் உங்க கட்டட அனுமதியைத் தீர்மானிக்கும். நட்டஈட்டைத் தீர்மானிப்பது ஒப்பந்தத்தின் வாசகம். இந்த இரண்டு தாளும் ஒன்றையொன்று பார்க்காது. அனுமதி கிடைத்த வீடு என்பதால் மண்சரிவு காப்புறுதிக்குள் வந்துவிடாது. காப்புறுதி எடுத்த வீடு என்பதால் இடம் பாதுகாப்பானது என்றும் ஆகாது. இரண்டையும் சேர்த்துப் படிக்கிற வேலை உங்க தலையில்தான் விழும்.

அமெரிக்காவில் இது ஒரு கயிற்றில் கட்டிய மாதிரி. அங்க தேசிய வெள்ளக் காப்புறுதித் திட்டம் 1968இல் வந்தது. வலயத்துக்கு எழுத்து உண்டு. ஏ, ஏஇ என்றால் ஒரு வருடத்தில் வெள்ளம் வர 1 வீத வாய்ப்புள்ள இடம். எக்ஸ் என்றால் அதைவிடக் குறைவு. பாலைவனச் சரிவுகளில் ஏஓ என்று ஒன்றும் உண்டு, ஆற்றுக்கரை இல்லாமலே 1 முதல் 3 அடி ஆழத்துக்குத் தண்ணீர் பாய் விரித்த மாதிரிப் பரவி வரும் இடம். ஏ வகை வலயத்தில் வங்கிக் கடனுக்கு வீடு வாங்கினால் வெள்ளக் காப்புறுதி கட்டாயம். அந்தத் திட்டத்தில் வீட்டுக்கு உச்சம் 250,000 டொலர், உள்ளே உள்ள பொருளுக்கு 100,000 டொலர். எடுத்த நாளிலிருந்து பொதுவாக 30 நாள் போனால்தான் நடைமுறைக்கு வரும். மழை அறிவிப்பைக் கேட்டபின் ஓடிப்போய் எடுக்க முடியாது. 2021 அக்டோபருக்குப் பிறகு கட்டணத்துக்கு வலய எழுத்தை விட்டு, தண்ணீருக்கு எவ்வளவு தூரம், வீடு எவ்வளவு உயரம், திரும்பக் கட்ட என்ன செலவு என்று பார்க்கிறாங்க.

அங்கேயும் மண் விஷயத்தில் இதே சிக்கல் இருக்கு என்பது முக்கியம். தண்ணீரோடு குழம்பாக ஓடி வரும் சேற்றுக்குத் தருவாங்க. நிலமே நகர்ந்து வந்தால், அதற்கு வெள்ளம் காரணமாக இருந்தாலும், தரமாட்டாங்க.

#5 கொத்மலை ஓயா

"1 வீதம்" என்பதை நம்ம ஆட்கள் "நூறு வருஷத்துக்கு ஒரு வெள்ளம்" என்று சொல்லிவிட்டு, போன வருஷம் வந்ததால இனிப் பயமில்லை என்று இருந்துடுறாங்க. கணக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு வருஷமும் அதே 1 வீதம்தான் புதிதாகத் தொடங்கும். 30 வருடக் கடன் கட்டும் காலத்தில் ஒரு தடவையாவது வரும் வாய்ப்பு ஏறக்குறைய 26 வீதம். நாலு வீட்டில் ஒரு வீடு.

பாலைவன வெள்ளமும் நம்ம ஓடை பொங்குவதும் கிட்டத்தட்ட ஒரே குணம். அங்க வெயிலில் இறுகின நிலம் தண்ணீரைக் குடிக்காது. 2024 ஏப்ரல் 16 அன்று டுபாய் மூழ்கியபோது அல்ஐன் பக்கத்தில் 24 மணிநேரத்தில் 254 மி.மீ. பதிவானது, ஐக்கிய அரபு இராச்சியத்தில் 1949 முதல் அளந்ததில் அதுதான் அதிகம். இங்க நிலம் முதலில் நன்றாகக் குடிக்கும். ரெண்டு மூணு நாள் மழையில் மண் நிறைந்த பிறகு, அடுத்து விழுவதெல்லாம் செங்குத்தாக இறங்கி ஓடைக்குள் வரும். இரண்டு இடத்திலும் தண்ணீர் வருவது மேலே எங்கேயோ பெய்த மழையால். உங்க தலைக்கு மேல் தூறல்கூட இல்லாமல் ஓடை நிறம் மாறும். ஓடை சட்டென்று சிவந்து கலங்கினால் மேலே மண் விழுந்திருக்கு என்று அர்த்தம். சட்டென்று வற்றினால் அதைவிட மோசம், மேலே எங்கேயோ மண் அடைத்துத் தண்ணீர் தேங்குது. அடைப்பு உடையும் முன் கரையை விட்டு விலகிடணும்.

தங்கச்சி காணியில் ஓடைக்கரையில் நின்று பாருங்க. தண்ணீர் மட்டத்தைப் பார்க்க வேண்டாம். மரத்தின் அடியில், வேலிக் கம்பியில், பாலத்தின் அடிப்பலகையில் சிக்கிக் காய்ந்திருக்கும் வைக்கோல், பிளாஸ்டிக் பை எந்த உயரத்தில் இருக்குன்னு பாருங்க. அதுதான் ஓடை ஏறின உயரம். அந்த உயரத்தைக் கயிறும் மட்டப்பலகையும் பிடித்து வீடு வரும் இடத்துக்குக் கொண்டு வாங்க. கரையில் பெரிய உருண்டைக் கல்லும் சேறும் கலந்து விசிறி மாதிரிப் பரவிக் கிடந்தால் அது பழைய மண் ஓட்டத்தின் வாய். அங்க அத்திவாரமே வேண்டாம்.

நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனைப் பக்கம் ஆற்றோரம் இருப்பவங்களுக்குக் கதை வேற. மகாவலி ஆற்றுக்கு நாவலப்பிட்டியிலும் பேராதனையிலும் நீர்மட்டமானி உண்டு, நீர்ப்பாசனத் திணைக்களம் எச்சரிக்கை மட்டம், சிறுவெள்ளம், பெருவெள்ளம் என்று அறிவிக்கும். சின்ன ஓடைகளுக்கு அப்படி யாரும் அளந்து சொல்ல மாட்டாங்க.

#6 நானுஓயா பனி

ரொம்ப நன்றி. பின்பக்கத் திட்டுக்கு என்ன செய்யணும்? மழையில எந்த அளவுக்கு வந்தா வெளியேறணும்?

#7 சாய்வுக்கோணம்

மழைக்கு என்.பி.ஆர்.ஓ. வைத்திருக்கும் எல்லை 24 மணிநேரத்துக்கு 75 மி.மீ. என்றால் விழிப்பு, 100 என்றால் வெளியேறத் தயார், 150 என்றால் வெளியேற்றம். ஒரு மணிநேரத்திலேயே 75 விழுந்தாலும் வெளியேறணும். அறிவிப்பு பிரதேச செயலகப் பிரிவுக்குப் பொதுவாக வரும். உங்க கணவாயில் விழுந்ததை நீங்கதான் அளக்கணும்.

மழைமானி செய்வது எளிது. மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள ஒரு பிளாஸ்டிக் போத்தல் எடுங்க. கழுத்தை வெட்டித் தலைகீழாகப் புனலாக வையுங்க, புனல் வாயும் போத்தலும் ஒரே அகலமாக இருக்கணும். அடியில் உள்ள மேடுபள்ளம் மறையும்வரை கூழாங்கல் போட்டுச் சீமெந்துக் கலவை ஊற்றுங்க. அது காய்ந்தபின் அந்தத் தளத்திலிருந்து வெளியே அடிமட்டத்தை ஒட்டினால் 1 மி.மீ. ஏறினால் 1 மி.மீ. மழை. மரம், கூரை மறைக்காத இடத்தில் கம்பத்தில் கட்டுங்க. தினமும் காலை 8.30க்குக் குறித்துவிட்டுக் கொட்டுங்க. அடை மழையில் கொட்டாமலே மணிக்கொரு தடவை பாருங்க. இரவு 11 மணிக்கு 100 தாண்டியிருந்தால் விடியும்வரை காத்திருக்காதீங்க. இருட்டில் 150ஐத் தாண்டினால் பாதை தெரியாது.

திட்டு விஷயத்தில் ஆட்கள் சுவரைப் பற்றியே யோசிப்பாங்க. உண்மையில் எதிரி தண்ணீர். 1,000 சதுர அடிக் கூரையில் 100 மி.மீ. மழை விழுந்தால் 9,300 லீற்றர் சேரும். அந்தத் தண்ணீரைப் பீலி இல்லாமல் பின்பக்கம் விட்டால் திட்டின் அடி ஊறிக் கரைந்துடும். பீலி போட்டுக் குழாயில் இறக்கி, சீமெந்துக் கானில் ஓடைவரை கொண்டுபோங்க. திட்டின் தலைப்பக்கமும் ஒரு கான் வேணும், மேலிருந்து வரும் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்ப. அந்தக் கான் வெடித்திருந்தால் இல்லாததைவிடக் கேடு, தண்ணீரை வெடிப்புக்குள்ளேயே ஊற்றும். மலசலகூடக் குழியைத் திட்டின் மேலே தோண்டவே கூடாது.

தாங்குசுவர் கட்டினால் பின்னால் மண்ணை நேரடியாக நிரப்பாதீங்க. சல்லிக்கல் அடுக்கு, அதற்கும் மண்ணுக்கும் இடையில் வடிதுணி, சுவரில் ஒன்று ஒன்றரை மீற்றருக்கு ஒரு 3 அங்குல பி.வி.சி. குழாய், முன்பக்கம் சற்றுச் சாய்த்து. மழைக்குப் பிறகு இந்தக் குழாய்களில் தண்ணீர் சொட்டணும். எல்லாக் குழாயும் காய்ந்து கிடந்து சுவர் வயிறு தள்ளினால் பின்னால் தண்ணீர் அடைபட்டிருக்கு.

நிலத்தில் புதுசாக வெடிப்பு, மூடமுடியாமல் போகும் கதவு, சாய்ந்த மின்கம்பம், முன்பு இல்லாத இடத்தில் ஊற்று, இதில் எது கண்டாலும் மழைக்கணக்குப் பார்க்கவேண்டாம், வெளியேறி 117க்கு அறிவியுங்க. அது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம். மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலையில் லயங்கள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) மேல் வந்து விழுந்த மண், மலையகத்தில் யாருக்கும் மறக்காது.

#8 லயத்து விளக்கு

லயத்தில் இருப்பவங்களைப் பற்றியும் எழுதுங்க ஐயா. லய அறைக்கு எங்கட பேரில் உறுதி இல்லை. காப்புறுதி எடுக்கலாமா?

#9 பொலிசி வாசகன்

எந்தப் பொருள் அழிந்தால் உங்களுக்குப் பண நட்டம் வருமோ அதற்குத்தான் காப்புறுதி எடுக்கலாம். லயக் கட்டடம் உங்க பேரில் இல்லை, அதனால் கட்டடத்துக்கு எடுப்பது கடினம். ஆனா தொலைக்காட்சி, குளிர்சாதனப்பெட்டி, அலுமாரி, தையல் இயந்திரம், நகை போன்ற உங்க பொருளுக்கு எடுக்கத் தடையில்லை. நகைக்குத் தனி வரம்பு இருக்கும், கேட்டுக்கொள்ளுங்க. தோட்ட மக்களுக்கு 7 பேர்ச் காணியோடு வீடு கொடுக்கும் திட்டத்தில் வீடு பெற்றவங்க உறுதி கைக்கு வந்ததும் கட்டடத்துக்கும் எடுக்கலாம்.

அரசு உதவியைக் காப்புறுதியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 2016 ஏப்ரலில் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் வழியாக வீட்டுக்கு 25 இலட்சம் ரூபாவரை என்று அரசு ஒரு திட்டம் தொடங்கியது. வரட்சி மட்டும் அதில் இல்லை. குடும்பங்கள் கட்டணம் கட்டவில்லை. அப்படிப்பட்ட தொகை அந்தந்த நேர அரசின் முடிவைப் பொறுத்தது, உங்க கையில் ஒப்பந்தம் இல்லை. எது கிடைக்கவும் கிராம உத்தியோகத்தரின் பதிவில் உங்க பேரும் சேதமும் இருக்கணும். சேதம் நடந்த அன்றே போய்ப் பதியுங்க.

#10 ஹட்டன் கடைவீதி

#3இல் தவறாகச் சொன்னதற்கு மன்னிக்கணும் தம்பி. இப்பத்தான் என் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன், வெள்ளம் மட்டும்தான் போட்டிருக்கு. கடைக்கு வேற என்ன கவனிக்கணும்?

#11 பொலிசி வாசகன்

மன்னிப்பெல்லாம் வேண்டாம் அண்ணே, புதுப்பிக்கும்போது சேர்த்துடுங்க.

கடைச் சரக்கு ஒப்பந்தங்கள் பலவற்றில் பொருளைத் தரையிலிருந்து சில அங்குல உயரத்தில் பலகை மேல் வைக்கணும் என்று நிபந்தனை இருக்கும். மாவு மூடையைத் தரையில் வைத்திருந்தால் அதைக் காட்டியே மறுப்பாங்க. கொள்வனவுப் பற்றுச்சீட்டுகளின் படத்தைக் கடைக்கு வெளியே, மின்னஞ்சலிலோ வேறு வீட்டிலோ வையுங்க.

பெரிய இழப்பு வருவது தொகையைக் குறைத்துப் போடுவதால். உதாரணத்துக்கு, வீட்டைத் திரும்பக் கட்ட 80 இலட்சம் வேணும், நீங்க 40 இலட்சத்துக்குத்தான் காப்புறுதி போட்டிருக்கீங்க. 10 இலட்சத்துக்குச் சேதம். முழு 10 கிடைக்காது. பாதிப் பெறுமதிக்குப் போட்டதால் பாதி, 5 இலட்சம். அதிலிருந்து நீங்களே தாங்கவேண்டிய பங்கு கழியும். இயற்கை அனர்த்தத்துக்கு அது 10 வீதம் என்று வைத்தால் 4 இலட்சத்து 50 ஆயிரம்தான் மிஞ்சும். வங்கிக் கடனில் வீடு கட்டினவங்க இதில் அதிகம் மாட்டுறாங்க. வங்கி கேட்பது கடன் தொகைக்கான காப்புறுதி. கடன் 30 இலட்சம், வீடு 80 இலட்சம் என்றால் அந்தத் தாள் வங்கியைக் காக்கும், உங்களை அல்ல. காணி விலையைக் கூட்டவேண்டாம், சுவர், கூரை, தரை, மின்சாரம், குழாய், இடிபாடு அகற்றும் கூலி இவற்றை இன்றைய விலைக்குக் கணக்கிடுங்க. தாங்குசுவர், மதில், படலை தனியாக எழுதப்பட்டிருக்கா என்றும் பாருங்க. மலையில் முதலில் விழுவது தாங்குசுவர்தான், பல ஒப்பந்தங்களில் அது வெளியே நிற்கும்.

#12 கொத்மலை ஓயா

சேதம் நடந்தபின் செய்யவேண்டியதையும் சொல்லிடுங்க. ஆட்கள் விருந்தாளி வர்ற மாதிரி முதலில் கழுவித் துடைச்சுடுறாங்க.

#13 பொலிசி வாசகன்

ஆமா, அதில்தான் பாதிப் பணம் போகுது. உயிருக்கு ஆபத்தில்லை, அதிகாரிகள் உள்ளே போகலாம் என்று சொன்ன பிறகு மட்டும் போங்க. மின்சாரப் பிரதான ஆளியைத் தண்ணீரில் நின்றுகொண்டு தொடாதீங்க. சுவரில் சேறு படிந்த கோடு தெரியும்போதே தரையிலிருந்து அந்தக் கோடுவரை அளவுநாடாவைப் பிடித்துப் படம் எடுங்க. ஒவ்வொரு அறையிலும் நாலு மூலை, பிறகு பொருள் பொருளாக, தொடர் இலக்கம் தெரிய. அன்றே கொம்பனிக்குத் தொலைபேசி, பின்னால் எழுத்தில். பேசியவர் பேர், நேரம் குறியுங்க. மதிப்பீட்டாளர் வரும்வரை கெட்ட பொருளை எறியாதீங்க. நாற்றமெடுப்பதை எறியத்தான் வேணும் என்றால் படம் எடுத்து, கிராம உத்தியோகத்தரிடம் சொல்லி எறியுங்க. அதே நேரம் கூரை பிய்ந்திருந்தால் தறப்பாள் போடுவது உங்க கடமை, "கூடுதல் சேதத்தைத் தடுக்கவில்லை" என்று பிறகு கழிப்பாங்க. தறப்பாள் வாங்கின பற்றுச்சீட்டையும் சேருங்க. வெள்ளத்தில் நின்ற வாகனத்தை முடுக்கிப் பார்க்காதீங்க, இயந்திரத்துக்குள் தண்ணீர் இருந்தால் தண்டு வளைந்துவிடும்.

கோப்பில் கிராம உத்தியோகத்தர் அறிக்கை, பிரதேச செயலகச் சேத மதிப்பீடு, வளிமண்டலவியல் திணைக்கள மழை அளவு, மண் வந்திருந்தால் என்.பி.ஆர்.ஓ. அறிக்கை, மேசனின் செலவு மதிப்பீடு எல்லாம் இருக்கட்டும். "முழுமையான இறுதித் தீர்வு" என்று எழுதிய தாளில், தொகையில் உடன்பாடு இல்லாமல் கையெழுத்து வைக்காதீங்க. மறுப்பை எழுத்தில் கேளுங்க. கொம்பனியின் மேலிடத்திலும் சரிவரவில்லை என்றால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி இருக்கார், இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிலும் முறையிடலாம்.

#14 நானுஓயா பனி

முற்பணம் கட்டச் சொல்லி நெருக்குறாங்க. முதல்ல எதைச் செய்றது?

#15 பொலிசி வாசகன்

முதலில் என்.பி.ஆர்.ஓ. அறிக்கை. அது சாதகமாக வந்தால், அதன் பிரதியோடு ரெண்டு மூணு கொம்பனிக்கு இந்தக் கேள்வியை மின்னஞ்சலில் அனுப்புங்க, வாயால் கேட்க வேண்டாம்:

"இணைத்துள்ள காணியில் கட்டப்படும் வீட்டுக்கு, (1) ஓடை பெருகி வரும் நீர், (2) நீரோடு வரும் சேறு, (3) வீட்டுக்கு மேலுள்ள நிலம் சரிந்து விழுதல், (4) வீடு நிற்கும் நிலமே நகர்தல் ஆகிய நான்கினாலும் ஏற்படும் சேதம் தனித்தனியே உள்ளடங்குமா? தாங்குசுவர் உள்ளடங்குமா? ஒவ்வொன்றிலும் நான் தாங்கவேண்டிய பங்கு எவ்வளவு? எடுத்த எத்தனையாவது நாளிலிருந்து நடைமுறைக்கு வரும்?"

#16 சாய்வுக்கோணம்

அந்த (4) இருக்கே, அதற்கு "இல்லை" என்று பதில் வந்தால் என்.பி.ஆர்.ஓ. அறிக்கையின் நிபந்தனைப் பக்கத்தை இன்னொரு தடவை எடுத்துப் படிங்க தங்கச்சி. அதுவரை முற்பணம் கட்டவேண்டாம். விற்பவர் நல்லவராக இருந்தால் அறிக்கை வரும்வரை பொறுப்பார்.

#17 நானுஓயா பனி

சரிங்க. திங்கட்கிழமை பிரதேச சபைக்குப் போய் படிவம் எடுக்கிறோம். போத்தல் மழைமானி இன்னைக்கே கட்டியாச்சு.